நான்குவழிச் சாலைக்கு எடுக்கப்பட்ட நிலம்: சென்ட்டுக்கு எவ்வளவு என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதிவு 1
வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். வைகைப் பாசனத்தை நம்பியிருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். தேசிய நெடுஞ்சாலையின் புறவழிப் பகுதிக்காக எங்கள் தோப்பின் நடுப்பகுதியை எடுத்திருக்கிறார்கள். மொத்தம் ஓர் ஏக்கர் 12 சென்ட். தாத்தா கிரயம் வாங்கி, அப்பா தென்னை வைத்த நிலம். அதில் 70 சென்ட் சாலைக்குப் போகிறது. வடக்கே கிணற்றோடு 31 சென்ட் மிஞ்சுகிறது, தெற்கே 11 சென்ட் முக்கோணமாகத் தனித்து நிற்கிறது. அந்த முக்கோணத்துக்குப் போக இப்போது வரப்பும் இல்லை, தண்ணீர் கொண்டுபோகக் குழாய் போடவும் வழியில்லை.

அறிவிக்கை நாளிதழில் வந்ததாகச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது தோப்புக்குள் மஞ்சள் வண்ணம் பூசிய கல்லை நட்ட அன்றுதான். அதற்குள் ஆட்சேபணைக்கு உரிய 21 நாள் கடந்துவிட்டது. சென்ற மாதம் இழப்பீட்டுத் தீர்வத்தின், அதாவது தொகையை முடிவு செய்த ஆணையின், நகல் வந்தது. சென்ட்டுக்கு அடிப்படை மதிப்பு 10,000 ரூபாய்; ஊரகப் பகுதி என்பதால் 1.25 என்னும் பெருக்கற்காரணி; அதன்மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை, அதாவது கட்டாயமாக நிலத்தை எடுப்பதற்கான ஈடு. ஆகச் சென்ட்டுக்கு 25,000 வீதம் 70 சென்ட்டுக்கு 17,50,000 ரூபாய். 12 விழுக்காடு கூடுதல் தொகையும் மரங்களுக்கான மதிப்பும் தனியாக இருக்கின்றன.

கேட்பவர்கள் எல்லாரும் "இரண்டரை மடங்கு கொடுத்திருக்கிறார்களே" என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் இன்று 25,000 ரூபாய்க்கு ஒரு சென்ட் தோப்பு நிலம் கிடைக்காது. எடுத்த 70 சென்ட்டுக்குப் பதிலாக அதே தண்ணீர் வசதியோடு 70 சென்ட் வாங்க முடியாத தொகையை எப்படி நியாயமான இழப்பீடு என்று ஏற்பது? அப்பாவுக்கு 71 வயது. மரங்களில் வெள்ளை எண் போட்டுவிட்டுப் போனபோது 31 மரம் என்று எழுதியிருக்கிறார்கள். எடுக்கப்படும் பகுதியில் இருப்பது 38. விடுபட்ட ஏழும் இன்னும் பாளை விடாத மரங்கள். கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கலாமா, வாங்கினால் பிறகு கேட்க முடியாமல் போகுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதிவு 2
பழைய நிலவரி

தம்பி, நான் வருவாய்த் துறையில் நிலமெடுப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மடங்குக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு 10,000 என்ற அந்த முதல் எண்ணைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் எல்லாம் சரியாக வரும்; அது தவறானால் மேலே எத்தனை மடங்கு போட்டாலும் தவறுதான் பெருகும்.

2014 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு இதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறது: பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு, அதாவது நம் ஊரில் வழிகாட்டி மதிப்பு, அறிவிக்கைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ அதே வகை நிலத்துக்கு நடந்த விற்பனைகளின் சராசரி, தனியார் நிறுவனத்துக்கோ அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கோ எடுக்கும்போது ஒப்புக்கொண்ட தொகை. இவற்றில் எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். சராசரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாப் பத்திரங்களையும் கூட்டி வகுப்பதில்லை. விலை அதிகமான பாதிப் பத்திரங்களை மட்டும் எடுத்துச் சராசரி காண வேண்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் நாடு முழுக்க இருப்பதை அறிந்துதான் சட்டம் இப்படி எழுதப்பட்டது என்பது என் எண்ணம்.

ஆனால் அதே பிரிவின் நான்காம் விளக்கம், உண்மையான சந்தை மதிப்பைக் காட்டவில்லை என்று ஆட்சியர் கருதும் விலைகளைக் கணக்கிலிருந்து விலக்கலாம் என்கிறது. நடைமுறையில் கணக்கு மாறும் இடம் இதுதான். விற்பனைப் புள்ளிவிவரப் பட்டியல் என்று ஒன்று கோப்பில் இருக்கும். ஒவ்வொரு பத்திரத்துக்கும் எதிரே குறிப்பு எழுதுவார்கள்: "மனைப் பிரிவாக விற்கப்பட்டது, தள்ளப்பட்டது", "சாலை முகப்பு உடையது, தள்ளப்பட்டது", "சிறிய பரப்பு, தள்ளப்பட்டது". நானே இப்படி எழுதியிருக்கிறேன். சில இடங்களில் அது நியாயமாகவே இருந்தது. சில இடங்களில், மேலிருந்து ஏற்கெனவே பேசி வைத்த தொகைக்குப் பொருந்த எழுதினோம் என்பதை இன்று மறைப்பதில் பயனில்லை.

ஆகவே முதல் வேலையாக அந்தப் பட்டியலின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கூடவே சார்பதிவாளர் அலுவலகத்தில், உங்கள் ஊரில் அந்த மூன்று ஆண்டுகளில் பதிவான தோப்பு, நன்செய் கிரயப் பத்திரங்களுக்கு நகல் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பதிவு 3
தார்ச்சாலை

நான் சாலைக் கட்டுமானத்தில் பொறியாளராக இருப்பவன். நில உரிமையாளர் மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதியது அரசு அல்ல. முத்திரைத்தாள் கட்டணத்தை மிச்சம் பிடிக்க விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து எழுதியது. அந்தப் பத்திரத்தையே அடிப்படையாகக் கொண்டு அரசு விலை வைக்கும்போது அது அநியாயம் என்பது எவ்வளவு சரி?

இரண்டாவது, சாலை எந்த வழியாக வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, வெளியூர் ஆட்கள் வந்து நான்கு சென்ட் ஐந்து சென்ட்டாகக் கூடிய விலைக்குப் பதிவு செய்து, அதையே காட்டி ஊர் முழுக்க விலையை ஏற்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்திரங்களைத் தள்ளும் அதிகாரம் ஆட்சியருக்கு இல்லாவிட்டால், நிலத்தை உழுதவருக்குப் போக வேண்டிய பணம் செய்தியை முதலில் அறிந்தவருக்குத்தான் போகும்.

பதிவு 4
பழைய நிலவரி

பொறியாளர் ஐயாவின் இரண்டாவது கருத்தை முழுவதும் ஏற்கிறேன். அப்படிப்பட்ட பத்திரங்களைத் தள்ளத்தான் வேண்டும். ஆனால் தள்ளுவதற்குக் காரணத்தை ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனித்தனியே எழுதி, நில உரிமையாளருக்கும் காட்ட வேண்டும். "மனை" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடக் கூடாது.

முதல் கருத்தோடு உடன்பட முடியவில்லை. குறைத்து எழுதியவர் நிலத்தை விற்றவர். இன்று இழப்பவரோ மூன்று தலைமுறையாக விற்கவே விற்காதவர். அவர் எந்தப் பத்திரத்திலும் பொய் எழுதவில்லை. பக்கத்து வயல்காரர் எழுதிய பொய்க்கு இவருடைய நிலத்தில் விலை பிடிக்கிறோம்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2017 சூன் 9 முதல் தமிழ்நாடு முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாகப் பதிவுக் கட்டணம் ஒரு விழுக்காட்டிலிருந்து நான்காக உயர்ந்தது. 2023 ஏப்ரல் 1 அன்றுதான் பழைய மதிப்பு திரும்ப வந்தது. மனை வாங்குவோரின் சுமையைக் குறைக்கவும் பத்திரப் பதிவைப் பெருக்கவும் எடுத்த முடிவு அது. ஆனால் இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் எந்த ஊருக்கு நிலமெடுப்பு அறிவிக்கை வந்ததோ, அந்த ஊரில் விற்பனைப் பத்திரங்கள் போதிய அளவு இல்லாவிட்டால், அடிப்படை மதிப்பே மூன்றில் ஒரு பங்கு சரிந்திருக்கும். நிலமெடுப்பைத் தொடங்கும் முன் அந்தப் பகுதியின் சந்தை மதிப்பை நடப்பு விலைக்கு ஏற்பத் திருத்தியமைக்க ஆட்சியர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே 26-ஆவது பிரிவு சொல்கிறது. என் பணிக்காலத்தில் அந்த வரியை யாரும் எடுத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டிய வரி அது.

பதிவு 5
குத்தகைக்காரர் மகள்

இந்த விவாதத்தில் இதுவரை வந்த எல்லாத் தொகையும் பட்டாவில் பெயர் உள்ளவருக்கு உரியது. என் அப்பா 22 ஆண்டுகள் ஒரே நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். நிலக்காரர் நல்லவர், வாய்ப்பேச்சுதான், எழுத்து எதுவும் இல்லை. அறுவடை முடிந்ததும் மூட்டைக் கணக்கில் அளந்து கொடுப்போம். நிலம் எடுக்கப்பட்டபோது இழப்பீடு முழுவதும் நிலக்காரர் வீட்டுக்குப் போயிற்று. அவராக மனமுவந்து கொஞ்சம் பணம் கொடுத்தார். அதற்கு மேல் கேட்க எங்களிடம் காகிதம் இல்லை.

பிறகுதான் தெரிந்தது, தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டிலிருந்தே குத்தகை உரிமையைப் பதிவு செய்ய ஒரு சட்டம் இருக்கிறது என்று. வட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் பதிவேட்டில் ஏற்றுவார்கள். எங்கள் ஊரில் யாரும் செய்ததில்லை. செய்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயம் ஒரு பக்கம், செய்யலாம் என்பதே தெரியாதது மறு பக்கம்.

2013 சட்டம் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதற்குள் விவசாயத் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் வாரக்காரரையும் சேர்க்கிறது. மூன்று ஆண்டுகளாக அந்த வேலைதான் முதன்மையான பிழைப்பு என்று காட்ட வேண்டும். காட்டினால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அது இல்லாவிட்டால் 5 லட்சம் ரூபாய், அதுவும் இல்லாவிட்டால் மாதம் 2,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகள் என்று இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. யார் எழுதிக் கொடுத்தால் அது சான்றாகும்? அடங்கலில், அதாவது ஊர்ப் பயிர்ப் பதிவேட்டில், நிலக்காரர் பெயர்தான். உர மூட்டை வாங்கிய ரசீதும் நிலக்காரர் பெயரில்தான். அப்பாவின் கையில் இருந்த ஒரே சான்று, 22 ஆண்டு உழுத மண் எந்த மடையில் எப்போது தண்ணீர் தங்கும் என்பது அவருக்கு மட்டும் தெரியும் என்பதுதான்.

நிலம் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிலத்தில் உழுதவர் இருந்தால், விசாரணையின்போது அவர் பெயரை நீங்களே எழுத்தில் சொல்லுங்கள். உங்களுக்குரிய நிலமதிப்பு அதனால் குறையாது. இரண்டாம் அட்டவணைத் தொகை தனிக் கணக்கு.

பதிவு 6
மானாவாரி

சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக் கதையையும் எழுதத் தோன்றியது. இது பழைய 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தது. 1996-இல் குடியிருப்புத் திட்டம் ஒன்றுக்காக எங்கள் மானாவாரிக் காட்டை எடுத்தார்கள். சென்ட்டுக்கு 600 ரூபாய் என்று தீர்வம் வந்தது. அன்றைய சட்டத்தில் ஆறுதல் தொகை 30 விழுக்காடு மட்டுமே. அப்பா "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிப் பணத்தை வாங்கி, 18-ஆவது பிரிவின்படி வழக்கைச் சார்பு நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லி மனு கொடுத்தார். அந்த ஒரு வரியை எழுதச் சொல்லிக் கொடுத்தவர் ஊர் அஞ்சலகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர். அந்த வரி இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

நீதிமன்றம் சென்ட்டுக்கு 2,400 ஆக உயர்த்தியது. அதற்கு மேல்முறையீடு, பிறகு நிறைவேற்று மனு. ஒரு கட்டத்தில் அலுவலக நாற்காலிகளையும் வாகனத்தையும் ஜப்தி செய்ய அமீனா போன பிறகுதான் பணம் நகர்ந்தது. கைக்கு வந்தது 2013-இல். முதல் ஆண்டுக்கு 9 விழுக்காடும் அடுத்த ஆண்டுகளுக்கு 15 விழுக்காடும் வட்டி உண்டு என்பதால் தொகை பெரிதாகத்தான் இருந்தது. அப்பா 2009-லேயே காலமாகிவிட்டார். வாரிசுச் சான்று வாங்கவே எட்டு மாதம் ஆயிற்று.

இதைவிட என் மனத்தை அறுப்பது வேறொன்று. எங்கள் புல எண்ணுக்கு அடுத்த புல எண் சித்தப்பா முறையுள்ள ஒருவருடையது. அதே மண், அதே அறிவிக்கை, அதே 600 ரூபாய். அவர் வழக்குப் போடவில்லை. பக்கத்து நிலத்துக்கு நீதிமன்றம் உயர்த்திக் கொடுத்தால், வழக்குப் போடாதவரும் அந்தத் தீர்ப்பைக் காட்டி மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுத்து அதே விலையைக் கேட்கலாம் என்று பழைய சட்டத்தில் 28-அ பிரிவு இருந்தது. எங்கள் வழக்குரைஞர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. நான்காவது மாதம் தெரிந்தது. அவர் இன்றுவரை எங்கள் மீது ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. புதிய சட்டத்தில் 73-ஆவது பிரிவாக அதே உரிமை தொடர்கிறது. யாருக்காவது தீர்ப்பு வந்தால் அன்றைக்கே அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

பதிவு 7
கீழவாசல் வழக்குரைஞர்

வைகைக்கரை அவர்களின் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். உங்களுடையது தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் வரும் எடுப்பு. 2013 சட்டத்தின் நான்காம் அட்டவணையில் விலக்கு அளிக்கப்பட்ட 13 சட்டங்களில் அதுவும் ஒன்று. ஆயினும் இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வும் அதற்கும் பொருந்தும் என்று நடுவண் அரசே 2015 ஆகஸ்டில் ஆணை பிறப்பித்துவிட்டது. அதனால்தான் உங்கள் தீர்வத்தில் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை இருக்கிறது. அதற்கு முன் நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் கிடையாது என்று 3-ஜே பிரிவு மறுத்து வந்தது. அந்த மறுப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வருங்காலத்துக்கு மட்டுமே பொருந்த வேண்டும் என்ற கோரிக்கையையும் 2025 பிப்ரவரியில் ஏற்க மறுத்துவிட்டது.

பணத்தை வாங்கலாமா என்றால், வாங்கலாம். "தொகை போதாது என்ற எதிர்ப்புக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதிவிட்டு, அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2013 சட்டத்தின் கீழ் நேரடியாக எடுக்கப்படும் நிலங்களில், எதிர்ப்பின்றிப் பெற்றவர் உயர்த்திக் கேட்கும் உரிமையை இழக்கிறார் என்று 77-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நெடுஞ்சாலைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இருந்தாலும் எழுதிவிடுவதே பாதுகாப்பு. பணத்தைத் தொடாமல் விட்டுவிட்டால் வழக்கு வலுப்படும் என்று சிலர் நினைப்பது தவறு. தொகையைக் கட்டிவிட்டு அவர்கள் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள், நீங்கள்தான் வெறுங்கையோடு இருப்பீர்கள்.

அடுத்த படிதான் கடினமானது. சாதாரண நிலமெடுப்பில் நீதித்துறைப் பின்னணி உள்ள ஒருவர் தலைமை வகிக்கும் அமைப்பு உங்கள் கோரிக்கையை விசாரிக்கும்; அதன்மேல் உயர் நீதிமன்றம் வரை மேல்முறையீடு உண்டு. நெடுஞ்சாலையில் 3-ஜி பிரிவின்படி நடுவரிடம் போக வேண்டும். அவரை நியமிப்பது நடுவண் அரசு, நம் மாநிலத்தில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர். நிலத்தை எடுப்பதற்கு நிர்வாகப் பொறுப்பு வகிப்பவரே விலை போதுமா என்றும் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடு இது. தனி மனிதர்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் இந்த அமைப்பு நியாயமாகத் தோன்றாது, தோன்றவும் முடியாது.

இதற்கு நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கே சான்று. நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்குச் சதுர மீட்டருக்கு 46.55 ரூபாயிலிருந்து 83.15 ரூபாய் வரை வைத்தார்கள். நடுவரான ஆட்சியர் அதை அப்படியே உறுதி செய்தார். மாவட்ட நீதிமன்றம் 645 ரூபாயாக உயர்த்தியது. 2021 சூலை 20 அன்று உச்ச நீதிமன்றம், நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாமே தவிர நீதிமன்றம் தானே தொகையை மாற்ற முடியாது என்று சட்டநிலையைச் சொன்னது. எனினும் அந்த விவசாயிகளுக்கு நேர்ந்த அநியாயத்தைக் கருதி, உயர்த்திய தொகையில் தலையிட மறுத்தது. அவர்களுக்கு நல்லதாக முடிந்தது. பின்னால் வருகிறவர்களுக்கோ, ரத்து செய்து மீண்டும் அதே நடுவரிடம் அனுப்புவது என்ற சுற்று மட்டுமே மிஞ்சியது. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாற்றும் அதிகாரத்தைக் குறுகிய வரம்புக்குள் ஏற்றிருக்கிறது. நிலமதிப்பை நீதிமன்றம் புதிதாகக் கணக்கிட அது போதுமென்று நான் நம்பவில்லை.

ஆகையால் உங்கள் சான்றுகள் எல்லாம் நடுவர் முன்பே கோப்பில் ஏறிவிட வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று விடாதீர்கள். நடுவர் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக, அது கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் முப்பது நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தபால் உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

11 சென்ட் முக்கோணத்துக்கும் தனியாகக் கேளுங்கள். நிலம் துண்டுபடுவதால் மீதி நிலத்துக்கு ஏற்படும் இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நெடுஞ்சாலைச் சட்டமே சொல்கிறது. கேட்காதவருக்கு அதை யாரும் எழுதித் தருவதில்லை.

பதிவு 8
நொய்யல்

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உயர் மின்கோபுரம் வந்த காட்டுக்காரன். எங்களுக்கு நிலம் பெயரளவில் எங்களிடமே இருக்கிறது. அதனால் நிலமெடுப்புச் சட்டம் பொருந்தாது என்கிறார்கள். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, வங்கியில் அடமானமும் விலை போகாது. 2015-இல் நடுவண் மின் அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு, கம்பி செல்லும் தடத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு. 2024 சூனில் அதைக் கோபுர இடத்துக்கு 200, தடத்துக்கு 30 என்று உயர்த்தினார்கள். எங்கள் காட்டில் கோபுரம் எழுந்தது அதற்கு முன். பழையவர்களுக்கு ஏதேனும் வழி உண்டா?

பதிவு 9
கீழவாசல் வழக்குரைஞர்

நொய்யல் அண்ணா, மின்கம்பித் தடங்களுக்கும் பொருந்தும் தந்திச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி இழப்பீடு போதாதென்று மாவட்ட நீதிபதியிடம் மனுத் தாக்கல் செய்யலாம். அங்கே நீதிபதியே மதிப்பைத் தீர்மானிப்பார் என்பது ஒரு வகையில் நெடுஞ்சாலைக்காரர்களுக்கு இல்லாத வசதி. காலத் தாமதம் பற்றிய விவரங்களோடு தனி இழையில் எழுதுங்கள், பதில் தருகிறேன். இந்த இழை நிலமதிப்பைப் பற்றியே செல்லட்டும்.

பதிவு 10
வைகைக்கரை

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி. பழைய நிலவரி ஐயா சொன்னபடி இரண்டு பக்கமும் நகல் வாங்கினேன். அறிவிக்கைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் எங்கள் ஊரில் தோப்பு நிலத்துக்குப் பதிவான கிரயப் பத்திரங்கள் மொத்தம் எட்டு. சென்ட் விலை வரிசை இது: 5,200, 5,800, 6,000, 7,100, 8,900, 14,000, 16,500, 18,000. அலுவலகப் பட்டியலில் கடைசி இரண்டுக்கும் எதிரே "மனை மதிப்புடையது, தள்ளப்பட்டது" என்று இருக்கிறது. அந்த இரண்டு நிலங்களையும் நேரில் போய்ப் பார்த்தேன். ஒன்றில் இன்றும் தென்னை நிற்கிறது, ஊடுபயிராக வாழை இருக்கிறது. இன்னொன்று 62 சென்ட். வாங்கியவர் பக்கத்து ஊர் விவசாயி, கிணறு வெட்டியிருக்கிறார். இரண்டுமே அறிவிக்கைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த கிரயங்கள்.

பதிவு 11
பழைய நிலவரி

நான் நினைத்தது சரியாகப் போயிற்று. கணக்கைப் பாருங்கள். இரண்டைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஆறு. அதில் மேல்பாதி 7,100, 8,900, 14,000. கூட்டினால் 30,000, சராசரி 10,000. உங்கள் தீர்வத்தில் உள்ள எண் இதுதான். எட்டையும் வைத்துக்கொண்டால் மேல்பாதி 8,900, 14,000, 16,500, 18,000. கூட்டினால் 57,400, சராசரி 14,350. காரணியும் ஆறுதல் தொகையும் சேர்த்தால் சென்ட்டுக்கு 35,875 ரூபாய். உங்களுக்குக் கொடுத்ததற்கும் இதற்கும் சென்ட்டுக்கு 10,875 வித்தியாசம். 70 சென்ட்டுக்கு 7,61,250 ரூபாய். ஒரு எழுத்தர் இரண்டு வரிகளுக்கு எதிரே எழுதிய "மனை" என்ற சொல்லின் விலை இது.

அந்த இரண்டு நிலங்களின் அ-பதிவேட்டு (ஊர் நிலப் பதிவேடு) நகலையும் அடங்கல் நகலையும் எடுங்கள். அடங்கலில் தென்னை, வாழை என்று பயிர் பதிவாகியிருந்தால், மனை என்பதற்கு அரசுப் பதிவேடே மறுப்பாகிவிடும். நிழற்படத்தைவிட அது வலுவானது.

பதிவு 12
தார்ச்சாலை

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். தள்ளும் அதிகாரம் வேண்டும் என்று சொன்னது, முன்கூட்டியே விலையேற்றும் ஆட்களைத் தடுக்க. இங்கே தள்ளப்பட்டவை இரண்டு ஆண்டு பழைய, உண்மையான விவசாயக் கிரயங்கள். இதைத் திட்டச் செலவைக் கட்டுப்படுத்துவது என்று சொல்ல முடியாது. களத்தில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன்: விலையில் மனக்குறை உள்ள ஊரில் ஒரு பாலத்துக்குத் தூண் போடுவதற்குள் எத்தனை நாள் வேலை நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். முதலிலேயே 14,350 என்று வைத்திருந்தால் சாலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

பதிவு 13
குத்தகைக்காரர் மகள்

அண்ணா, உங்கள் தோப்பில் தேங்காய் பறிக்கிறவர், மட்டை எடுக்கிறவர் என்று நிரந்தரமாக யாரும் இருந்தார்களா? இருந்தால் அவர்களையும் நினைவில் வையுங்கள்.

பதிவு 14
வைகைக்கரை

இருக்கிறார், சகோதரி. பதினான்கு ஆண்டுகளாக எங்கள் தோப்பிலும் பக்கத்துத் தோப்பிலும் மரம் ஏறுகிறவர். இரண்டு தோப்புமே சாலைக்குப் போகின்றன. உங்கள் பதிவைப் படித்த மறுநாள் அப்பாவும் பக்கத்துத் தோப்புக்காரரும் சேர்ந்து கையெழுத்திட்டு, அவர் பெயரையும் எத்தனை ஆண்டுகளாக வேலை பார்க்கிறார் என்பதையும் எழுதி மனுவோடு சேர்த்திருக்கிறோம். ஏற்பார்களா என்பது இன்னும் தெரியவில்லை.

மரக்கணக்கு சரியாகிவிட்டது. மனு கொடுத்த பிறகு ஒரு புதன்கிழமை காலை தோட்டக்கலை அலுவலர் ஒருவரும் நில அளவர் ஒருவரும் வந்தார்கள். அப்பா சுண்ணாம்புக்கட்டியோடு ஒவ்வொரு மரத்தடியிலும் போய் நின்றுகொண்டார். பாளை விடாத ஏழு மரங்களில் இரண்டில் குருத்துக்கு அடியில் முதல் பாளை எட்டிப் பார்த்ததை அவரே கைநீட்டிக் காட்டினார். வந்தவர்கள் பொறுமையாகப் பார்த்து 38 என்று எழுதிக்கொண்டார்கள். ஏழு கன்றுகளுக்கும் வயதைக் கணக்கிட்டு மதிப்புப் போடுவதாகச் சொன்னார்கள்.

பணத்தை எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டோம். நடுவரிடம் மனு எண் ஆகிவிட்டது. எட்டுப் பத்திரங்களின் நகல், தள்ளப்பட்ட இரண்டு நிலங்களின் அடங்கல், 11 சென்ட் முக்கோணத்துக்குப் பாதை இல்லை என்பதைக் காட்டும் புலப்படம், எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். அந்த இரண்டு அடங்கலிலும் "தென்னை" என்றே பதிவாகியிருக்கிறது. எங்களோடு அதே அறிவிக்கையில் நிலம் இழந்த பதினொரு குடும்பங்களுக்கும் அந்தப் பட்டியலைப் படியெடுத்துக் கொடுத்துவிட்டேன். ஐந்து குடும்பங்கள் தனித்தனியே மனு கொடுக்கின்றன. முதல் விசாரணை தை பிறந்த பிறகு. என்ன சொன்னார்கள் என்பதை அன்று மாலையே இங்கே எழுதுகிறேன்.